பல் உடைந்துவிட்டால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் உடைந்தவுடன் எல்லோரும் வலியைத்தான் பார்க்கிறார்கள். வலித்தால் டாக்டரிடம் ஓடுகிறார்கள், வலிக்காவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பல் பிழைக்குமா என்பதைச் சொல்பவை வேறு இரண்டு: உடைந்த இடத்தில் உள்ளே எது திறந்துகொண்டது, அப்படித் திறந்து எவ்வளவு நேரம் ஆனது. வலிக்கும் இந்த இரண்டுக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. அதனால்தான் இத்தனை விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. நிமிடக் கணக்கில் முடிவெடுக்க வேண்டிய கேள்வியை முதலில் வைத்திருக்கிறேன்.

அடிபட்டதில் பல் உடையவில்லை, வேரோடு முழுசாக வெளியே வந்துவிட்டது. என்ன செய்வது?

நிரந்தரப் பல் என்றால் அதைத் திரும்பக் குழிக்குள் வைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ஐந்து நிமிடத்துக்குள் வைத்துவிட்டால் பல் நிலைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பல்லைத் தேடி எடுங்கள். எடுக்கும்போது நாம் கடிக்கிற வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடவே தொடாதீர்கள். வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய ஈரப் படலத்தில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. பல் மறுபடி எலும்போடு பிடித்துக்கொள்வது அவற்றால்தான். மண் ஒட்டியிருந்தால் பால், சலைன் அல்லது குளிர்ந்த நீரில் சில விநாடிகள் மெதுவாக அலசினால் போதும். தேய்க்காதீர்கள், சோப்பு போடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள்.

பக்கத்துப் பல்லைப் பார்த்து, முன்பக்கம் பின்பக்கம் மாறாமல், குழிக்குள் மெதுவாக அழுத்துங்கள். வழுவழுப்பான, கொஞ்சம் புடைத்த பக்கம் உதட்டைப் பார்த்தும் குழிவான பக்கம் நாக்கைப் பார்த்தும் இருக்க வேண்டும். உள்ளே போனதும் சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வைக்கத் தைரியம் வரவில்லையா? அடிபட்டவர் மயக்கமாக இருக்கிறாரா? அப்படியென்றால் வைக்க வேண்டாம். பல்லைக் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பால் இல்லாவிட்டால் ஒரு டம்ளரில் எச்சிலைத் துப்பி அதற்குள், அதுவும் முடியாவிட்டால் சலைனில். வெறும் தண்ணீர் அந்தச் செல்களுக்கு நல்லதில்லை, ஆனாலும் காய விடுவதற்குத் தண்ணீர் மேல். பேப்பரில் சுற்றி எடுத்துப் போவதுதான் மிக மோசம். காற்றில் காய்ந்தபடி ஒரு மணி நேரம் கிடந்தால் அந்தச் செல்கள் ஏறக்குறைய முழுவதும் செத்துப்போகும். அப்படி ஆன பிறகும் பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த நிலையிலும் திரும்ப வைப்பது உண்டு. நெடுநாள் நிற்காவிட்டாலும் எலும்பு கரைந்து போகாமல் சில காலம் தாங்கும்.

டாக்டர் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சேர்த்து இரண்டு வாரம் கட்டி வைப்பார். வேர் முழுதாக வளர்ந்த பல்லாக இருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள் ரூட் கேனால் சிகிச்சையும் (பல்லின் உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது) தொடங்கப்படும். பல் மண்ணில் விழுந்தது என்றால் கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லில் ஒரு பகுதி உடைந்துவிட்டது. உடனே செய்ய வேண்டியது என்ன?

வெதுவெதுப்பான தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டு எங்கே என்று தேடுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான பஞ்சையோ காஸ் துணியையோ அந்த இடத்தில் வைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் கடித்துக்கொள்ளுங்கள். நடுவில் நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தமும் கலைந்துவிடும். உதடோ கன்னமோ வீங்கினால் வெளிப்பக்கமாக, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள்.

பிறகு கண்ணாடி முன்னால் நின்று, நல்ல வெளிச்சத்தில், உடைந்த இடத்தைப் பாருங்கள். என்ன பார்க்க வேண்டும் என்பதை இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன்.

உடைந்த துண்டால் ஏதாவது பயன் உண்டா?

நிறைய உண்டு. முன்பல்லில் இருந்து ஒரே துண்டாகப் பெயர்ந்திருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிட முடியும். சொந்தப் பல்லின் நிறம், பளபளப்பு, கோடுகள் எல்லாம் அப்படியே பொருந்துகிற மாதிரி வேறு எந்தப் பொருளாலும் செய்ய முடியாது. ஒட்டிய இடமே தெரியாமல் பல வருஷம் இருக்கிற பற்கள் உண்டு. ஆனால் துண்டு காய்ந்தால் நிறம் வெளுத்து, ஒட்டும் பிடிப்பும் குறைகிறது. அதனால் ஒரு சின்ன டப்பாவில் தண்ணீரோ பாலோ ஊற்றி அதில் போட்டு எடுத்துப் போங்கள்.

துண்டைத் தேடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் அது எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். விழுங்கியிருந்தால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். மூச்சுக்குழாயில் போயிருந்தால் ஆபத்து. அடிபட்ட பிறகு விடாத இருமல், மூச்சில் விசில் சத்தம், மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உதடும் கிழிந்திருந்தால் துண்டு உதட்டுச் சதைக்குள் புதைந்திருக்கலாம். வெளியே தையல் போட்டுவிட்டு உள்ளே பல்லை விட்டுவிடக் கூடாது. துண்டு கிடைக்கவில்லை என்பதை டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எவ்வளவு ஆழமாக உடைந்திருக்கிறது என்று வீட்டிலேயே தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். உடைந்த பரப்பின் நிறத்தைப் பாருங்கள்.

உடைந்த ஓரம் முழுவதும் வெள்ளையாக, பக்கத்துப் பல்லின் மேற்பரப்பு மாதிரியே இருந்தால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் மட்டும் பெயர்ந்திருக்கிறது. எனாமலில் நரம்பு இல்லை. கூச்சமும் பெரிதாக இருக்காது, நாக்கில் சொரசொரப்பாகப் படும், அவ்வளவுதான்.

வெள்ளை விளிம்புக்கு நடுவில் இளமஞ்சள் பரப்பு தெரிந்தால் அது டென்டின். இதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் வெளிப்பக்கத்திலிருந்து நரம்பு இருக்கும் உள்ளறை வரை ஓடுகின்றன. காற்றை உறிஞ்சினால், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசுவது இதனால்தான். அதே வழியில் கிருமிகளும் உள்ளே இறங்கும். இதைச் சில நாட்களுக்குள் மூடியாக வேண்டும்.

அந்த மஞ்சள் பரப்பின் நடுவில் குண்டூசித் தலை அளவில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிகிறதா? துடைத்தால் மறுபடி ரத்தம் துளிர்க்கிறதா? அது பற்கூழ். நரம்பும் ரத்தக் குழாயும் அங்கேதான் இருக்கின்றன. இப்போது அது வாயில் இருக்கும் கிருமிகளுக்கு நேராகத் திறந்திருக்கிறது. அன்றைக்கே பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் முன்பல்லுக்குச் சரி. கடைவாய்ப் பல்லில் கண்ணாடி வைத்துப் பார்த்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. ஈறுக்குக் கீழே உடைப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, வேர் உடைந்திருக்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும்.

வலியே இல்லை. அப்படியும் போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். உடைந்த பல் வலிக்காமல் இருக்க இரண்டு காரணம் உண்டு. ஒன்று, எனாமல் மட்டும் போயிருக்கலாம். அது நல்ல செய்தி. இன்னொன்று, உள்ளே நரம்பு ஏற்கெனவே செத்திருக்கலாம். இரண்டும் உங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

நான்கு நாள் விண்விண் என்று தெறித்த வலி ஐந்தாம் நாள் சட்டென்று நின்றால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. பெரும்பாலும் நரம்பு செத்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். செத்த திசுவில் கிருமி பெருகி வேர் நுனி வழியே எலும்புக்குள் இறங்கும். அடுத்து வருவது சீழும் வீக்கமும். முதல் வாரத்தில் ஒரு சின்ன ஃபில்லிங்கோடு முடிந்திருக்க வேண்டிய பல் இப்படித்தான் பிடுங்கும் நிலைக்கு வருகிறது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

எப்போது பல் டாக்டரை விட்டுவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

அடிபட்டபோது நினைவு தப்பியது, வாந்தி, குழப்பமான பேச்சு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது என்று தலைக்காயத்தின் அறிகுறி ஏதாவது இருந்தால் பல்லை மறந்துவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். வாயைத் திறக்கவோ மூடவோ முடியவில்லை, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்பு போலச் சேரவில்லை என்றால் தாடை எலும்பு உடைந்திருக்கலாம். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

பல நாள் உடைந்தபடி கிடந்த பல்லில் வீக்கம் வந்து, அது கண்ணை நோக்கியோ கழுத்துக்கோ பரவுகிறது, கூடவே காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு விடச் சிரமம் என்றால் இரவு என்றும் பார்க்காமல் கிளம்ப வேண்டும். இந்தத் தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

டாக்டரைப் பார்க்கும் வரை வலியை எப்படிச் சமாளிப்பது?

பாராசிட்டமால் அல்லது ஐபுபுரூஃபன். பெரியவர்கள் பாராசிட்டமாலை 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது, ஆஸ்துமா இதில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஐபுபுரூஃபன் வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

மாத்திரையைப் பொடித்து உடைந்த இடத்தில் வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆஸ்பிரின் பட்ட ஈறு வெள்ளையாக வெந்துபோகும், வலி மட்டும் அப்படியே இருக்கும். விழுங்கினால்தான் அது வேலை செய்யும். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும் என்பது உண்மை, ஆனால் நேரடியாக ஊற்றினால் ஈறைப் புண்ணாக்கும். அதில் உள்ள யூஜெனால், டாக்டர் பிறகு வைக்கும் காம்போசிட் (பல் நிற ஃபில்லிங்) சரியாக இறுகுவதையும் கெடுக்கும். நரம்பு தெரிகிற பல்லில் எந்தத் தைலத்தையும் விடாதீர்கள்.

மீதமிருந்த பழைய ஆன்டிபயாட்டிக்கை எடுத்துச் சாப்பிடுவதும் வேண்டாம். நரம்பு வலியை அது குறைக்காது.

உடைந்த முனை நாக்கைக் குத்திப் புண்ணாக்குகிறது.

பல்லுக்குக் கம்பி கட்டியவர்களுக்குத் தரும் மெழுகு மருந்துக் கடையில் கிடைக்கும். பல்லைத் துடைத்துக் காயவைத்து அந்த மெழுகைச் சின்ன உருண்டையாக அழுத்திவிடுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கமும் ஒரு இரவுக்குத் தாங்கும். நகம் ராவும் அரத்தால் நீங்களே ராவாதீர்கள், சூப்பர் குளூ வைத்து ஒட்டாதீர்கள்.

குழந்தையின் பால் பல் உடைந்தது, அல்லது விழுந்துவிட்டது. எப்படியும் விழப்போகிற பல்தானே?

முழுசாக விழுந்த பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. அதன் வேரை ஒட்டி, எலும்புக்குள், நிரந்தரப் பல்லின் முளை உருவாகிக்கொண்டிருக்கும். பால் பல்லைத் திரும்ப அழுத்தினால் அந்த முளை சேதமாகும்.

ஆனால் அதே காரணத்துக்காகவே குழந்தையைக் காட்ட வேண்டும். விழுந்த வேகத்தில் பால் பல் உள்ளே ஏறிப்போயிருந்தால் அது முளையை இடித்திருக்கலாம். பிறகு முளைக்கும் பல்லில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டு வருவது உண்டு. பல்லைக் காணோம் என்றால் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், முழுசாக உள்ளே போயிருக்கலாம். அடிபட்ட பால் பல் சில வாரத்தில் சாம்பல் நிறமானாலும் உடனே பிடுங்கத் தேவையில்லை. ஈறில் கொப்புளமோ சீழோ வருகிறதா என்று மட்டும் கவனித்து வாருங்கள்.

ஏழெட்டு வயசுப் பிள்ளைக்குப் புதிதாக முளைத்த முன்பல் உடைந்து நரம்பு தெரிகிறது. ரூட் கேனால் செய்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முளைத்த பிறகும் வேர் வளர்ந்து முடிய ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும். அதுவரை வேரின் சுவர் மெலிதாக, நுனி திறந்தபடி இருக்கும். அந்த வேர் தடித்து முடிய உள்ளே பற்கூழ் உயிரோடு இருந்தாக வேண்டும். நரம்பை முழுவதும் எடுத்துவிட்டால் வேர் அங்கேயே நின்றுபோகும். பிறகு ஒரு சின்ன அடியில் அந்த மெல்லிய வேரே முறிந்துவிடும்.

அதனால் திறந்த இடத்தில் இருந்து சுமார் 2 மில்லிமீட்டர் கூழை மட்டும் எடுத்துவிட்டு, மேலே எம்டிஏ போன்ற மருந்துச் சிமெண்டை வைத்து மூடுவார்கள். மீதிக் கூழ் உயிரோடு இருந்து வேரை வளர்த்துக்கொள்ளும். நல்ல பலன் தருகிற சிகிச்சை இது. "நரம்பைக் காப்பாற்ற முடியுமா?" என்று பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும். குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவரிடம் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

பல் உடையவில்லை, ஆனால் கடிக்கும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சுருக்கென்கிறது.

விரிசலாக இருக்கலாம். கடித்துவிட்டுப் பல்லை விடுவிக்கிற கணத்தில் சுருக்கென்று ஏறினால் விரிசல் என்ற சந்தேகம் இன்னும் வலுக்கும். அழுத்தும்போது விரிசல் திறக்கிறது, விடும்போது மூடி உள்ளிருக்கும் திரவத்தை அசைக்கிறது.

இது கண்டுபிடிக்கச் சிரமமான ஒன்று. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. டாக்டர் ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு சின்னக் குச்சியை வைத்துக் கடிக்கச் சொல்வார், பக்கவாட்டில் பலமான வெளிச்சம் அடித்துப் பார்ப்பார், சில சமயம் சாயம் தடவுவார். எந்தப் பக்கம், எதைக் கடிக்கும்போது, கடிக்கையிலா விடுகையிலா என்று நீங்கள் கவனித்துச் சொல்வது அங்கே பெரிய உதவி. எலும்பு முறிவு போல இது தானாக ஒட்டிச் சேராது. சீக்கிரம் கேப் (பல்லை முழுவதும் மூடும் உறை) போட்டு விரியாமல் இறுக்கிப் பிடித்தால் பிழைக்கும். வேருக்குள் இறங்கிப் பல் இரண்டாகப் பிளந்துவிட்டால் எடுப்பது தவிர வேறு வழி அநேகமாக இருக்காது.

என்ன சிகிச்சை செய்வார்கள்?

எனாமல் மட்டும் என்றால் ராவி வழவழப்பாக்குவார்கள், அல்லது பல் நிறக் காம்போசிட்டால் கட்டுவார்கள். ஒரே தடவையில் முடியும், பல சமயம் ஊசி கூடத் தேவைப்படாது. டென்டின் வரை போனாலும் முன்பல் என்றால் இதேதான். கடைவாய்ப் பல்லில் ஒரு மேடே பெயர்ந்துவிட்டால் காம்போசிட் கடியைத் தாங்காமல் போகலாம், கேப் தேவைப்படும். நரம்பு கெட்டிருந்தால் ரூட் கேனால் செய்து அதன் மேல் கேப்.

கேப் வைக்க ஈறுக்கு மேலே நல்ல பல் சுவர் கொஞ்சமாவது சுற்றிலும் இருக்க வேண்டும். அது இல்லாமல் கம்பி நட்டுக் கட்டினால் சில காலத்தில் பெயர்ந்துவிடும். "இந்தப் பல்லை எடுத்துவிடலாம்" என்று டாக்டர் சொன்னால், மிச்சம் எவ்வளவு சுவர் இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ரூட் கேனால் செய்த பல்தான் உடைந்தது. அது எப்படி?

கேப் போடாமல் விட்டிருப்பீர்கள். சொத்தைக்கும் சிகிச்சைக்குமாக நடுவே குடைந்து எடுத்ததில் சுவர்கள் மெலிந்துபோயிருக்கும். வலி நின்றதும் கேப்பைத் தள்ளிப்போடுவது சகஜம், கடைவாய்ப் பல்லில் அது ஆபத்து.

போட்டிருந்த கேப் கழன்று கையோடு வந்துவிட்டது.

பத்திரமாக எடுத்துப் போங்கள். கேப்பும் பல்லும் உடையாமல் இருந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் தற்காலிகச் சிமெண்டைப் பகலில் பயன்படுத்தலாம். தளர்வாக இருக்கும் கேப்போடு தூங்காதீர்கள், தூக்கத்தில் உள்ளே போய்விடும்.

கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவம் வரை பொறுக்கலாமா?

வேண்டாம். அவசரப் பல் சிகிச்சையை எந்த மாதத்திலும் செய்யலாம். பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு, மரத்துப்போகப் போடும் ஊசியும் பாதுகாப்பானதுதான். எத்தனையாவது மாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஐபுபுரூஃபனை டாக்டர் சொல்லாமல் எடுக்காதீர்கள். தொற்றை வளரவிடுவதுதான் தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதல்.

உடைந்த பல் தானாக வளராதா?

வளராது. எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

சிகிச்சை முடிந்தது. இனி கவலை இல்லையா?

அடிபட்டு உடைந்த பல்லைக் கொஞ்ச காலம் கவனித்து வர வேண்டும். அடிபட்ட புதிதில் நரம்புச் சோதனையை நம்ப முடியாது. உயிருள்ள நரம்பே மூன்று மாதம் வரை பதில் சொல்லாமல் இருக்கலாம். அதனால் 6 முதல் 8 வாரத்தில் ஒரு தடவையும் ஒரு வருஷம் கழித்து ஒரு தடவையும் வரச் சொல்வார்கள். வலி இல்லை என்று அதைத் தவிர்க்காதீர்கள். இடையில் பல் கருத்தாலோ, இளஞ்சிவப்பாக மாறினாலோ, ஈறில் பரு மாதிரி கொப்புளம் வந்து வந்து போனாலோ, கொடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

மறுபடி உடையாமல் இருக்க?

மோதல் உள்ள விளையாட்டு என்றால் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தரும் மவுத் கார்டு போட்டுக்கொள்ளுங்கள். மேல் முன்பல் துருத்திய பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு அதிகம், அதைச் சீக்கிரமே சீர் செய்வது நல்லது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. காலையில் தாடை வலித்தால், பற்களின் நுனி தட்டையாகத் தேய்ந்திருந்தால் இரவில் போடும் கார்டு பற்றிக் கேளுங்கள். மூடி திறக்க, கவர் கிழிக்க, பேனா மூடியைக் கடிக்கப் பல்லைப் பயன்படுத்துவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.